இன்னும் கட்டியிருக்கிறது

பிப்ரவரி, காலை ஏழு ஐம்பது, ஃபியோர்டின் வடகரை.
படகின் முகப்புத் தட்டு இறங்கிக் கரையைத் தொட்டாயிற்று.
வா என்று கை காட்டினேன்.
முதலில் நின்றது வாங்கிப் பதினோரு நாளான மின்சார லாரி,
உள்ளே ஆறு டன் சால்மன், பனிக்கட்டியில்.
அசையவில்லை.

மறுபடி கை காட்டினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஓட்னி
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.

டீசல் வண்டி நின்றுபோனால் அதிலொரு மரியாதை உண்டு.
இருமும், உதறும், கரும்புகையாய் ஏசும்,
எங்கே வலிக்கிறதென்று நம் காதுக்குத் தெரியும்.
இது சும்மா நின்றது.
விளக்கு எரிய, ஹீட்டர் ஓட,
வானொலி தன் பாட்டுக்கு வானிலை வாசிக்க,
பேட்டரி எண்பத்தொரு சதவீதம் என்று பச்சையில் பீற்றிக்கொண்டு
குத்துக்கல்லாக.

திரையில் ஒரே வரி:
வாகனம் பத்திரமான நிலையில் உள்ளது.

"பத்திரமாம்," என்றாள் ஓட்னி.

சிறிய படகு, ஒரே வாய், அதில் இவள் லாரி.
பின்னால் பதினான்கு வண்டிகள்:
தபால் வேன், ஒரு பல் மருத்துவர்,
அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்,
குதிரை ஏற்றிய டிரெய்லர் ஒன்று.
குதிரை மட்டும் ஹாரன் அடிக்கவில்லை.

நான்கு பேர் தோள் கொடுத்தோம்.
சக்கரங்கள் பூட்டியிருந்தன.
பூட்டைத் திறக்கவும் அந்தத் திரையைத்தான் கேட்க வேண்டும்.

கேப்டன் ஹால்வார் ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பி
முதுகைக் கரைக்குக் கொடுத்தார்.
எல்லாரும் ரிவர்சில் இறங்கினார்கள்,
கழுத்தைத் திருப்பி, எங்களைத் திட்டிக்கொண்டு.
லாரி எங்களோடு தென்கரைக்கு வந்தது. வடகரைக்குப் போனது.
மறுபடி வந்தது.
ஓர் அங்குலம் நகராமல் இருபத்தேழு கிலோமீட்டர்.

போனில் பிராகே, ஓஸ்லோவிலிருந்து, நல்ல பிள்ளை.
அணைத்துப் போடுங்கள் என்றான். போட்டோம்.
சின்ன பேட்டரியின் முனையைக் கழற்றி மாட்டுங்கள் என்றான். மாட்டினோம்.
அது தூங்க வேண்டும்,
சாவியைத் தூரமாகக் கொண்டுபோங்கள் என்றான்.
நாற்பது மீட்டர் படகில் எது தூரம்?
காபி அறையின் மைக்ரோவேவுக்குள் வைத்துக் கதவை மூடினோம்
(ஓடவிடவில்லை).
பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே பான்கேக் தின்றோம்.
லாரி தூங்கியது. விழித்தது.
பத்திரமான நிலை.

மூன்றாம் முறை தென்கரையில்
கயிற்றைக் கட்டிவிட்டு நிமிரும்போதுதான் பார்த்தேன்,
சார்ஜ் வாயின் மூடி ஒரு நூல் படியாமல்.
உள்ளே தாழ்ப்பாள் முள்ளைச் சுற்றிப் பனி,
பல்லில் ஒட்டிய சோறு போல.

"காலையில் எப்படிக் கழற்றினாய்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
"இழுத்தேன். வந்துவிட்டது.
வீட்டில் ஒரு பேச்சு பாதியில் நின்றிருந்தது."

பதினெட்டு வருடம் இந்தத் தளத்தில் கயிறு வீசுகிறேன்.
கட்டு இருக்கும்போது கிளம்பாத ஒன்றை
நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹால்வாரின் அறையில் ஹேர் டிரையர் இருந்தது.
அவருக்கு முழு வழுக்கை. யாரும் எதுவும் கேட்கவில்லை.
பனி கசிந்து, துளிர்த்து, சொட்டியது.
பிறகு கேபிளைச் சொருகினாள்.
மறுமுனை என் கையில், எதிலும் சேராமல், ஈரமாய்.

இணைக்கப்பட்டுள்ளது, என்றது திரை.

இந்த முறை பொத்தானை அழுத்தினாள்.
காத்திருந்தாள்.
உள்ளே எங்கோ ஒரு டக்.
அதன் பிறகே இழுத்தாள், மெதுவாக.

வடகரையில் கை காட்டினேன்.
இஞ்சின் சத்தம் இல்லாததால்
எப்போது கிளம்பியதென்று சொல்ல முடியாது.
தட்டின் மேல் உறைபனி நொறுங்குவது கேட்டது,
அப்புறம் இரண்டு சிவப்பு விளக்குகள் மேட்டில் ஏறின.

கேபிள் என் தோளிலேயே இருந்தது. ஆறு மீட்டர்.
கயிறுகளுக்குப் பக்கத்துக் கொக்கியில்
சுருட்டி மாட்டியிருக்கிறேன்.
வியாழக்கிழமை அவள் முறை.